41 நிமிடம்

அந்த எக்செல் தாளில் ஊருக்கு ஒரு வரிசை. ஊர்ப்பெயர், அணையிலிருந்து தூரம், வெள்ளம் வந்து சேரும் நேரம், அதிகபட்ச ஆழம், வீடுகள், மக்கள்தொகை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு: எதிர்பார்க்கப்படும் உயிரிழப்பு. மற்ற கட்டங்களை எல்லாம் இரண்டே நாளில் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டத்தில் முதல் எண்ணைப் போட எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அணை உடைந்தால் என்ன ஆகும் என்று கணினியில் உடைத்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு மண் அணை. பெயர் வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிற அணைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பழைய அணைகளுக்கும் ஐந்தாண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாராக வேண்டும் என்கிறது. திட்டத்துக்கு வெள்ள வரைபடம் வேண்டும். வரைபடத்தில் நீல நிறம் ஊர்களின் மேல் பரவியதும், அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். எத்தனை பேர்?

ஆற்றின் ஓட்டத்தைக் கணக்கிடச் சமன்பாடுகள் இருக்கின்றன. மண் கரை எவ்வளவு அகலத்துக்கு, எவ்வளவு நேரத்தில் அறுக்கும் என்பதற்கும் பழைய உடைப்புகளை வைத்து வாய்பாடுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு மனிதர் நள்ளிரவில் சத்தம் கேட்டு எழுந்து, நம்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவார் என்பதற்கு என்ன சமன்பாடு இருக்க முடியும்? அப்படித்தான் முதலில் நினைத்தேன். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதையும், அந்த வழி எங்கிருந்து வந்தது என்பதையும் படித்தபோதுதான் கடைசிக் கட்டத்தைத் தொடும் துணிவு வந்தது.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் கிழக்கே டீட்டன் ஆற்றின் குறுக்கே ஒரு மண் அணை. 305 அடி உயரம். கட்டி முடித்து முதல்முறையாக நீர் தேக்கிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5, சனிக்கிழமை காலை, கரையின் கீழ்ச்சரிவில் கலங்கலாக நீர் கசிவதைப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் கசிவு ஓட்டையாயிற்று. ஓட்டையை மண் தள்ளி அடைக்க இரண்டு புல்டோசர்கள் போயின. இரண்டையும் ஓட்டை விழுங்கிவிட்டது. ஓட்டுநர்களைக் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றினார்கள். பகல் 11.57க்கு அணையின் உச்சி சரிந்து உள்ளே விழுந்தது.

தேங்கியிருந்தது ஏறக்குறைய 11 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 3.6 டி.எம்.சி. சொச்சம், அதைப்போல மூன்று ஏரி நீர் ஒரே பகலில் பள்ளத்தாக்கில் இறங்கியது. வில்ஃபோர்டு என்ற ஊர் துடைத்துப் போனது. சுகர் சிட்டியும் பெரும்பாலும் அழிந்தது. வெள்ளப் பாதையில் இருந்தவர்கள் சுமார் 25,000 பேர். இறந்தவர்கள் 11.

பதினொன்று என்பதைப் படித்துவிட்டு, தட்டச்சுப் பிழையாக இருக்குமோ என்று இன்னொரு அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன். பிழையில்லை. அணை உடைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே மாவட்டக் காவல் அதிகாரிகளுக்குத் தொலைபேசி போயிருந்தது. உள்ளூர் வானொலி சொன்னது. பகல் வெளிச்சம் இருந்தது. சாலைகள் காய்ந்து கிடந்தன. சனிக்கிழமை என்பதால் பலர் குடும்பத்தோடு வீட்டில் இருந்தார்கள்.

இதே நாட்டில் 48 வருடம் முன்னால் நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிநீர் தேக்கிய செயின்ட் பிரான்சிஸ் அணை, கான்கிரீட் அணை. 1928 மார்ச் 12 அன்று காலை அணைக்காவலர் புதிதாக ஒரு கசிவைக் கண்டு தகவல் சொன்னார். தலைமைப் பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு 11.57க்கு அணை உடைந்தது. டீட்டன் பகல் 11.57, இது இரவு 11.57. தேங்கியிருந்த நீர் 1.66 டி.எம்.சி.தான், டீட்டனில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இறந்தவர்கள் குறைந்தது 431 பேர்.

இந்த ஒரு வெள்ளத்துக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. அணைக்குக் கீழே ஐந்து நிமிடத் தூரத்தில் ஒரு மின்நிலையம்; அங்கே ஊழியர்களும் குடும்பத்தாருமாக 67 பேர் இருந்தார்கள். 64 பேர் போய்விட்டார்கள். இன்னும் கீழே, மின்கம்பி போடும் வேலைக்கு வந்த 150 பேர் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வெள்ளம் அங்கே வந்தது. அவ்வளவு நேரம் இருந்தும் அவர்களுக்கு நேரத்தோடு செய்தி போய்ச் சேரவில்லை. 84 பேர் இறந்தார்கள். அதற்கும் கீழே சான்டா பௌலா என்ற ஊர். வெள்ளம் அங்கே வரும்போது மணி மூன்று. ஆனால் ஒன்றரை மணிக்கே தொலைபேசி நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த லூயிஸ் கைப் என்ற பெண்ணுக்குச் செய்தி வந்துவிட்டது. அவர் இருக்கையை விட்டு எழாமல் தாழ்வான வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அழைப்புப் போட்டார். தார்ன்டன் எட்வர்ட்ஸ், ஸ்டான்லி பேக்கர் என்ற இரண்டு காவலர்கள் மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், ஒரு வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, நீங்கள் அடுத்த வீட்டை எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். ஊரின் தாழ்வான பகுதி வீடுகளை வெள்ளம் கொண்டுபோனது. மக்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குள் மேட்டுக்குப் போயிருந்தார்கள்.

அதே இரவு, அதே நீர். மேலே நூற்றுக்கு 95 பேர், நடுவில் நூற்றுக்கு 56 பேர், கீழே விரல்விட்டு எண்ணும் விகிதம். தூரம் கூடக்கூட வெள்ளத்தின் வேகம் குறைந்தது உண்மைதான். ஆனால் கூடாரத்தில் தூங்கியவர்களுக்கும் சான்டா பௌலாவில் தூங்கியவர்களுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் ஒரு தொலைபேசி அழைப்பு.

டீட்டன் அணையைக் கட்டியது அமெரிக்க மத்திய அரசின் நீர்வளத் துறையான பீரோ ஆஃப் ரெக்லமேஷன். தான் கட்டிய அணை உடைந்த பிறகு, தன்னிடம் இருக்கும் நூற்றுக்கணக்கான அணைகளில் எதை முதலில் சரிசெய்வது என்று அந்தத் துறை முடிவு செய்தாக வேண்டியிருந்தது. அதற்கு ஒவ்வொரு அணைக்கும் கீழே எத்தனை உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தத் துறையின் பொறியாளர் வேய்ன் கிரஹாம் பழைய வெள்ளங்களின் இறப்புக் கணக்குகளைத் தோண்டி எடுத்து உட்கார்ந்தார். 1988இல் பிரவுன் என்பவரோடு சேர்ந்து அவர் தந்த வாய்பாடு மிக எளிது. எச்சரிக்கை 15 நிமிடத்துக்கும் குறைவென்றால், ஆபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர். 15 முதல் 90 நிமிடம் என்றால், அந்த எண்ணிக்கையின் 0.6 அடுக்கு. 90 நிமிடத்துக்கு மேல் என்றால் பத்தாயிரத்துக்கு இரண்டு பேர்.

வெள்ளப் பாதையில் 10,000 பேர் இருப்பதாக வைத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் வரிக்கு 5,000. இரண்டாவதுக்கு 251. மூன்றாவதுக்கு 2.

அணை ஒன்றுதான். நீரும் ஒன்றுதான். ஊரும் மக்களும் மாறவில்லை. ஐயாயிரம் இரண்டாகிறது, யாராவது எப்போது சொன்னார்கள் என்பதை வைத்து. இதைப் பார்த்த பிறகு நான் அந்தக் கட்டத்தை மரண எண்ணிக்கையாகப் படிப்பதை விட்டுவிட்டேன். வேறு மாதிரிப் படிக்கத் தொடங்கினேன்: இந்த ஊருக்குச் செய்தி எப்போது போகும் என்று நீ நினைக்கிறாய்?

1999இல் கிரஹாம் ஏறக்குறைய 40 வெள்ளங்களின் விவரங்களை வைத்து இதை ஒரு அட்டவணையாக விரித்தார். வெள்ளத்தின் கடுமையை மூன்றாகப் பிரித்தார். இருந்த தடமே தெரியாமல் துடைத்துப் போவது ஒன்று. வீடுகள் இடிந்தாலும் மரமோ இடிந்த சுவரோ பிடித்துத் தப்பக் கிடைப்பது இன்னொன்று. வீடுகள் அடித்தளத்தை விட்டு நகராதது மூன்றாவது. எச்சரிக்கை நேரத்தையும் மூன்றாகப் பிரித்தார். இது வரை யாரும் யோசித்திருக்கக்கூடியதுதான். அவர் சேர்த்த இன்னொரு கட்டம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எச்சரிப்பவருக்கு வரப்போவது என்ன என்று தெளிவாகத் தெரியுமா, தெரியாதா என்று ஒரு கட்டம். நடுத்தரக் கடுமையுள்ள வெள்ளம், ஒரு மணி நேரத்துக்கு மேல் எச்சரிக்கை. தெளிவாகத் தெரிந்து சொன்னால் நூற்றுக்கு ஒருவர். மங்கலாகத் தெரிந்து சொன்னால் நூற்றுக்கு மூன்று பேர். எச்சரிக்கையே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 பேர். துடைத்துப் போகும் வெள்ளத்தில் எச்சரிக்கையும் இல்லையென்றால் நூற்றுக்கு 75 பேர்.

மங்கல் என்பது நமக்கு நன்றாகப் பழகிய மொழி. "கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." வருடத்துக்கு நான்கு முறை கேட்கிறோம். எந்த இடம், எத்தனை மணிக்குள், எத்தனை அடி நீர், எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆயிரம் கன அடிக்கும் லட்சம் கன அடிக்கும் அதே வாக்கியம். ஒருநாள் உண்மையாகவே கரை உடைந்தாலும் அதே வாக்கியம்தான் ஒலிபெருக்கியில் வரும் என்பது என் அச்சம். அமெரிக்காவில் 1982இல் லான் லேக் என்ற சின்ன மண் அணை விடிகாலையில் உடைந்தபோது, மலையில் குப்பை அள்ள வந்தவர் ஒருவர் மரங்களும் பாறைகளும் நீரோடு உருண்டு வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவசரத் தொலைபேசியில் சொன்னார். கண்ணால் பார்த்தவர் சொன்ன சொல் அது. அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் மூன்று பேர்.

கிரஹாமுக்குப் பிறகு முறைகள் வளர்ந்துவிட்டன. இப்போது ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண்ணை வைத்து விகிதம் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வீட்டையும், சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியையும் கணினியில் நகரவிட்டுப் பார்க்கும் மென்பொருளும் இருக்கிறது. நான் இன்னும் பழைய அட்டவணையைப் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்கிறேன். அதில் எந்தக் கட்டத்தை நாம் மாற்ற முடியும் என்பது பச்சையாகத் தெரிகிறது.

நம் நாட்டுக் கதை மோர்பி. குஜராத்தில் மச்சு ஆற்றின் மேல் இருந்த மச்சு-2 அணை, 1979 ஆகஸ்ட் 11, இதுவும் சனிக்கிழமை. நடுவில் மதகுகளோடு கட்டுமான அணை, இரண்டு பக்கமும் நீண்ட மண் கரை. உபரிநீர்ப் போக்கியை வடிவமைத்தது சுமார் 2 லட்சம் கன அடிக்கு. அன்று வந்தது அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நீர் மண் கரைக்கு மேலே ஏறி வழிந்தது. மண் கரையின் மேல் நீர் வழிந்தால் பிறகு செய்ய எதுவும் இல்லை. பிற்பகலில் இரண்டு பக்கக் கரையும் போயின. சில கிலோமீட்டர் கீழே இருந்த மோர்பி நகருக்குள் நிமிடங்களில் நீர் புகுந்தது.

அணையில் இருந்த ஊழியர்கள் பல மணி நேரமாக நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தொலைபேசிக் கம்பிகள் மழையில் அறுந்து கிடந்தன. டீட்டனில் இருந்தது போலவே பகல் வெளிச்சம், அதே போலப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள். செய்தி போக வழி மட்டும் இல்லை.

இறந்தவர்கள் எத்தனை பேர்? 1,800 என்றும் சொல்கிறார்கள், 25,000 என்றும் சொல்கிறார்கள். நடப்பதற்கு முன்னால் நாங்கள் போடும் கணக்கை, பத்து மடங்கு வித்தியாசம் வருகிறதே, இதை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மோர்பியில் நடந்து முடிந்த பிறகும் 14 மடங்கு வித்தியாசம். சேற்றுக்குள் கிடந்த உடல்களை நோய் பரவுமுன் எரிக்க வேண்டியிருந்தது. குடும்பமே போன வீட்டில், இவரைக் காணோம் என்று வந்து சொல்ல ஆள் மிஞ்சவில்லை. விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, வேலை முடியுமுன்பே கலைக்கப்பட்டது. எண்ணாமல் விட்டால் அடுத்த அணைக்கு விகிதம் எங்கிருந்து வரும்? கிரஹாமின் அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்க வெள்ளங்கள். மரவீட்டுக்கும் காருக்கும் வந்த விகிதத்தைத்தான் நான் ஓட்டு வீட்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போடுகிறேன். மோர்பியை ஒழுங்காக எண்ணியிருந்தால் நம் மண்ணின் விகிதம் ஒன்றாவது கையில் இருந்திருக்கும். இந்தக் கோபம் எனக்கு ஒவ்வொரு முறை அந்தத் தாளைத் திறக்கும்போதும் வருகிறது.

ஆபத்தில் இருப்போர் எண்ணிக்கையிலும் இதே சிக்கல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆட்களை அவரவர் வீட்டில் வைத்து எண்ணுகிறது. வெள்ளம் வீட்டுக்கு மட்டும் வராது. கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரலில் விடியற்காலை மூன்று மணிக்கு உடைந்தது. திருகோணமலை மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் வீட்டில்தான். இரவுக் கணக்கு வேறு, பகல் கணக்கு வேறு, சந்தை நாள் கணக்கு வேறு. என் தாளில் நான் இன்னொரு வரிசை சேர்த்தேன்: ஆடி 18. தென்மேற்குப் பருவமழையில் அணைகள் நிரம்பும் அதே மாதத்தில், ஊரே ஆற்றில் இறங்கி முளைப்பாரி விடும் நாள். கணக்கெடுப்பின்படி 40 வீடு இருக்கும் படித்துறையில் அன்று நாலாயிரம் பேர் இருக்கலாம். இந்த வரிசை எதற்கு என்று கேட்டார்கள். நீக்க மறுத்துவிட்டேன்.

கடைசிக் கட்டத்தைப் பற்றி நடந்த ஒரு கூட்டத்தில், இந்த எண் வெளியே போனால் மக்கள் பீதி அடைவார்கள், சுருக்க அறிக்கையில் வேண்டாம் என்று முடிவாயிற்று. டீட்டனில் முன்பே சொன்னதால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்கள். சொல்லாததால் கூடாரத்தில் 84 பேர் செத்தார்கள் என்று சொன்னேன். குறிப்பில் பதிவானதா தெரியாது. அறிக்கையில் எண் இல்லை. சரி, எண்ணை எடுத்துக்கொள்ளட்டும். நிமிடத்தையாவது ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று வரைபடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊர் அணைக்குக் கீழே ஆற்றை ஒட்டி. பெட்டிக்கடை வைத்திருந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெஞ்சில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மிணி, டேம் ஒடைஞ்சு போகுமுங்களா?"

"அது நல்லாத்தான் இருக்குதுங்க அம்மா. ஒருவேளை ஒடைஞ்சா எங்க போறதுன்னு பாத்து வைக்கத்தான் வந்தேன்."

"சங்கு ஊதுவாங்கொ. வருசா வருசம் ஊதறாங்கொ. வாசல்ல நின்னு பாப்போம். தண்ணி வாய்க்கா மேட்டோட நின்னுக்கும். மறுக்கா உள்ள போயிருவோம்."

அட்டவணையில் மங்கல் என்ற கட்டத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் மேல் குற்றமில்லை. அத்தனை வருடமும் அந்தச் சங்கு அவருக்குச் சொன்னது அவ்வளவுதான்.

வரைபடத்தை விரித்து அவர் வீட்டைக் காட்டினேன். பக்கத்தில் ஒரு பச்சை அம்பு, பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக் கல்யாண மண்டபத்துக்குப் போனது. அலுவலகத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நானே போட்ட அம்பு. அவர் விரலை வைத்து அந்த அம்போடு போனார். பாலத்தில் விரல் நின்றது.

"இது மேலயா போகச் சொல்றீங்கொ? ஐப்பசி மழைக்கே இதுல தண்ணி ஏறீருமுங்களே."

என் கணக்கிலேயே அந்தப் பாலம் ஊருக்கு முன்னால் முழுகுகிறது. எண் என் தாளிலேயே இருந்தது. நான் அம்பையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"அப்ப நீங்க எப்படிப் போவீங்கம்மா?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இட்டேரி இருக்குதுங்க. அதுல போனா கரட்டு மேல மாரியாத்தா கோயலு. அந்தக் காலத்துப் பெரிய வெள்ளத்துக்கு எங்க மாமியாரெல்லாம் அங்கதான் போய் ஒக்காந்திருந்தாங்களாமா."

செயற்கைக்கோள் படத்தில் இட்டேரி இல்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி வளர்ந்து மேலே மூடியிருந்தது. மேலிருந்து பார்த்தால் வெறும் பச்சைக் கோடு. கடையைப் பேத்தியிடம் விட்டுவிட்டு அவரே முன்னால் நடந்தார். அவருக்கு முழங்கால் வலி. பாதி தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து எழுந்தார். வேலிக்குள் ஓர் இடத்தில் முள் மரம் சாய்ந்து பாதையை மறித்துக் கிடந்தது, குனிந்து நுழைந்தோம். இருட்டில் இது முடியாது என்று குறித்துக்கொண்டேன். கோயில் திண்ணையில் போய் உட்கார்ந்தபோது கைபேசியில் நேரம் பார்த்தேன். 26 நிமிடம்.

"எங்க ஊட்டுக்குத் தண்ணி வர எத்தன நேரமாகுமுங்க?"

"ஒடைஞ்சதுல இருந்து 41 நிமிசங்கம்மா."

கீழே ஊரின் ஓடுகள் தெரிந்தன. அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், தனியாக நடக்க முடியாது என்று அப்போதுதான் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையனிடம் வண்டி இருக்கிறது, இட்டேரியில் வண்டி வரும், அந்த முள்ளை வெட்டிவிட்டால். பிறகு மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப பதனஞ்சு நிமிசம் இருக்குது."

ஆமாம் என்றேன். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அணைமேல் நிற்கும் ஒருவர் உடைப்பைப் பார்க்க வேண்டும், பார்த்தது என்ன என்று அவருக்குப் புரிய வேண்டும், அவர் கூப்பிடும் எண்ணை யாராவது எடுக்க வேண்டும், எடுத்தவர் மேலிடத்தைக் கேட்காமல் சங்கை ஊத வேண்டும், அது தண்ணீர் திறக்கும் சங்கு இல்லை என்று இவருக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிய வேண்டும். அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பியதும் பச்சை அம்பை அழித்துவிட்டு இட்டேரியை வரைந்தேன். முள் மரத்தை வெட்டுவதற்கு ஊராட்சிக்கு ஒரு கடிதமும், உடைப்புக்கென்று தனியாக ஒரு சங்கொலி வேண்டும் என்று இன்னொரு கடிதமும் எழுதினேன். முள்ளை ஊர்க்காரர்களே அந்த வாரம் வெட்டிவிட்டார்கள். இரண்டாவது கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.